களிக்க வாறியா? – விளையாட்டாலும் மாணவர் தலைமையாலும் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பேணுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில், பிள்ளைகள் விளையாடுவதைக் 'களிப்பது' என்றே சொல்வார்கள். "களிக்க வாறியா?" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கூப்பிடும்போது, விளையாட்டும் மகிழ்ச்சியும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கேள்வி விழ வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இது ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொடக்கப் பள்ளியாக இருந்தால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு சிறிய அளவில் இதையே செய்யலாம்.

நம் பள்ளிகளில் 'லீடர்' என்ற பதவி ஏற்கெனவே உண்டு. ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதே பெரும்பாலும் அவர் வேலை. பெயர் எழுதும் அந்தத் தலைமையை ஆள் சேர்க்கும் தலைமையாக மாற்றுவதுதான் இங்கே சொல்லப்படும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை. பேசியவனைக் காட்டிக்கொடுக்கும் பிள்ளைக்குப் பதிலாக, பேசாமல் ஒதுங்கி நிற்பவனைக் கண்டு அருகில் போகும் பிள்ளை நமக்குத் தேவை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அந்தப் பெருமைக்குப் பின்னால் காலையில் ஒரு டியூசன், மாலையில் ஒரு டியூசன் என்று ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரப்பர் வெட்டுக்காக விடியுமுன் பெற்றோர் கிளம்பிவிட, தானே தலைசீவித் தம்பியையும் கிளப்பிக்கொண்டு வரும் பிள்ளை குலசேகரம் பக்கத்தில் இருக்கிறாள். தூத்தூர் வட்டாரத்தில் தகப்பன் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் அப்பாவை அலைபேசித் திரையில் மட்டுமே காணும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அவை தொடங்கும் காலத்தில் அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் படி: எதையும் மாற்றாமல் பத்து நாள் பாருங்கள்

திட்டம் தீட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்கு, காலை இடைவேளையிலும் மதிய உணவுக்குப் பின்னும், இரண்டு ஆசிரியர்கள் வளாகத்தின் இரு மூலைகளில் நின்று, மணி அடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். தனியாக நிற்பவர்கள் யார், பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பவர்கள் யார், வகுப்பறையை விட்டு வெளியே வராதவர்கள் யார், ஏதாவது ஒரு சாக்கில் ஆசிரியர் அறை வாசலிலேயே சுற்றிவருபவர்கள் யார் என்று குறித்துக்கொண்டால் போதும். இதற்குப் படிவமோ செயலியோ வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அந்த நோட்டு மேசைமேல் கிடக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம்; பூட்டும் அலமாரியில் இருக்கட்டும்.

தனியாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் வருத்தத்தில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932ஆம் ஆண்டிலேயே சிறு குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, தனித்து விளையாடுவதையும் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதையும் தனித்தனி வகைகளாகவே வைத்தார். வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்து, நம்மைக் கண்டதும் சிரித்துவிட்டு மீண்டும் பக்கத்தைத் திருப்பும் பிள்ளைக்கு நம் தலையீடு தேவையில்லை. பத்து நாளில் நான்கைந்து நாள் ஒரே தூணருகே நின்று, கண்களை மட்டும் பந்தின் பின்னால் ஓடவிடும் பிள்ளைக்குத் தேவை. இந்த வேறுபாடு இரண்டாம் வாரத்தில்தான் தெளிவாகத் தெரியும். பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம் அதுவே.

இதே காலத்தில் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பள்ளி வளாகத்தை வரையச் சொல்லுங்கள். பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளியும், போகப் பயப்படும் இடத்தில் சிவப்புப் புள்ளியும் வைக்கட்டும். பெயர் எழுத வேண்டாம். கழிப்பறைக்குப் பின்புறம், மாடிப்படியின் திருப்பம், குடிநீர்க் குழாயடி, மிதிவண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் சிவப்புப் புள்ளிகள் குவிவதைக் காணலாம். ஆசிரியர் நிற்க வேண்டிய இடங்களை ஆசிரியர்கள் கூடி முடிவு செய்வதைவிட இந்தத் தாள்கள் சரியாகச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: விளையாடும் நேரத்தைக் காத்தல்

இடைவேளையைப் பறிப்பது நம் பள்ளிகளில் மிக எளிதான தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாதவன் மதியம் உட்கார்ந்து எழுத வேண்டும். சேட்டை செய்தவன் விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பிலேயே இருக்க வேண்டும். யாருக்கு ஓட்டமும் ஆட்டமும் மிகவும் தேவையோ, அவனிடமிருந்தே அவை முதலில் பறிக்கப்படுகின்றன. தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013இல் வெளிப்படையாகவே அறிவித்தது. நம் நாட்டிலும் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை விளையாட்டு மைதானத்தையும் விளையாட்டுப் பொருட்களையும் பள்ளிக்கு இருக்க வேண்டியவையாகச் சொல்கிறது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே வைத்திருக்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் மூன்று முடிவுகளை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இடைவேளை எக்காரணத்தாலும் பறிக்கப்படாது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கேட்பதில்லை. மதிய உணவு முடிந்தபின் குறைந்தது இருபது நிமிடம் பிள்ளைகளுக்கே உரியது. மூன்றாவது முடிவை நடைமுறைப்படுத்துவதுதான் கடினம். தட்டு கழுவும் வரிசையிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். வகுப்புவாரியாக ஐந்து நிமிட இடைவெளியில் சாப்பிட அனுப்பினால் அந்த நேரம் மீளும். ஐந்து முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேனில் வந்து, வேனில் போய், நேராக டியூசனில் உட்காரும் பிள்ளைக்குப் பள்ளி வளாகத்தை விட்டால் அதற்கு வேறு இடமில்லை.

மூன்றாம் படி: இடமும் பொருளும்

மைதானம் இல்லை என்பதே முதலில் வரும் பதில். மேற்குக் கடற்கரை ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்க, பல பள்ளிகளுக்கு ஒரு குறுகிய முற்றம் மட்டுமே உண்டு. அந்த முற்றத்திலும் எட்டாம் வகுப்புப் பையன்கள் பன்னிரண்டு பேர் கிரிக்கெட் ஆடினால் மற்ற இருநூறு பேரும் சுவரோரமாகத்தான் நிற்க வேண்டும். முற்றத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் பிரித்து, ஓடும் இடம், உட்கார்ந்து ஆடும் இடம், சும்மா இருக்கும் இடம் என்று மூன்றாக்குங்கள். ஓடும் இடத்தை வகுப்புவாரியாக முறைவைத்துக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.

பொருட்களுக்குப் பெரிய செலவு தேவையில்லை. பழைய சைக்கிள் டயர், துவைத்த சாக்கு, கயிறு, தென்னை மட்டை, ஓய்ந்த வலைத்துண்டு, அட்டைப் பெட்டி ஆகியவற்றை ஒரு மூலையில் வைத்துவிட்டால் பிள்ளைகளே விளையாட்டை உண்டாக்கிக்கொள்வார்கள். பனையுள்ள ஊர்களில் நுங்கு வண்டியை இன்னும் செய்யத் தெரிந்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதுக்கு அவர்களை அழையுங்கள். பல்லாங்குழிக்குக் கடற்கரையில் சோழியும் சிப்பியும், உள்நாட்டில் புளியங்கொட்டையும் கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: குன்றிமணி கொடிய நஞ்சுள்ளது, ரப்பர் விதையும் தின்னத்தகாதது, அழகாக இருக்கிறதென்று அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

கழிவுநீர்த் தொட்டியின் மூடி, துருப்பிடித்த கம்பி, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, மழைநீர் தேங்கும் குழி ஆகியவற்றை மாதத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முழங்கால் சிராய்ப்புக்கு அஞ்சி விளையாட்டையே நிறுத்த வேண்டியதில்லை.

நான்காம் படி: தலைவர்களைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில் தவறினால் பிறகு எதுவும் சரியாக நடக்காது. முதல் மதிப்பெண் பெறுபவர், ஆசிரியரின் பிள்ளை, நன்றாக மேடையில் பேசுபவர் என்று வழக்கமான மூவரையே மீண்டும் நியமித்தால், ஒதுங்கி நிற்கும் பிள்ளை அவர்களிடம் ஒருநாளும் வரமாட்டாள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எட்டுப் பேருக்கு அடையாள அட்டை கொடுத்தோம்; மூன்றாம் வாரத்தில் அவர்கள் அந்த அட்டையோடு குழாயடியில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார்கள். தவறு பிள்ளைகளுடையதன்று. தலைவர் என்றால் ஒழுங்குபடுத்துபவர் என்றுதான் அவர்களுக்கு நாங்கள் அதுவரை காட்டியிருந்தோம்.

எனவே மூன்று வழிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவதாக, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டுத் தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை கேட்க வேண்டும்: உனக்கு மனது சரியில்லை என்றால் வகுப்பில் யாரிடம் போவாய்? புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் யார் முதலில் பேசுவார்? இந்தத் தாள்களில் நீங்கள் எதிர்பாராத பெயர்கள் வரும். இரண்டாவதாக, விருப்பமுள்ளவர்கள் தாங்களாகப் பெயர் கொடுக்கட்டும். மூன்றாவதாக, பத்து நாள் பார்த்த ஆசிரியர்கள் தங்கள் கருத்தைச் சேர்க்கட்டும். முன்பு தானே ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பிள்ளையையும், ஓயாமல் சேட்டை செய்யும் ஒருவனையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சேட்டைக்காரனுக்கு வளாகத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். அவன் கூப்பிட்டால் ஆட்களும் வருவார்கள்.

ஊர், தெரு, சாதி, மதம் என்ற வகையில் ஒரே பக்கத்திலிருந்து எல்லாரும் வந்துவிடாமல் பார்ப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. கடற்கரைப் பிள்ளைகளும் உள்நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில், பெற்றோரின் தொழிலை வைத்தும் பேச்சு வழக்கை வைத்தும் பட்டப்பெயர் சூட்டுவது நடக்கிறது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கடந்துவிடுவது பெரிய தவறு. பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களைய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2024இல் அறிக்கை அளித்தபோது, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைக்கூட விலக்கச் சொன்னது நினைவிருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' திட்டப்படி குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகள் ஏற்கெனவே குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு குழுவிலிருந்தும் தலைவர்களை எடுப்பது எளிய வழி. மலையும் காடும் வயலும் கடலும் ஒரே மாவட்டத்தில் கிடைத்திருக்கும் நமக்கு அந்தப் பெயர்கள் பாடப்புத்தகச் சொற்களாக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை.

இருநூற்று நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் பதினாறு தலைவர்கள் போதும். நால்வர் நால்வராக நான்கு அணிகள். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஓரணி பொறுப்பேற்கும், வெள்ளிக்கிழமை பதினாறு பேரும் ஆசிரியருடன் உட்கார்ந்து பேசுவார்கள். வாரத்தில் ஒருநாள் மட்டுமே வேலை என்பதால் அவர்களும் மற்ற நாட்களில் விளையாட முடியும். இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நெருக்குவதால், உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்போடு இந்தப் பொறுப்பு நிறைவடையட்டும்.

ஐந்தாம் படி: பயிற்சி

ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரமாக ஐந்து அமர்வுகள் போதுமானவை. முதல் அமர்வில் பிள்ளைகள் எட்டு விளையாட்டுகளை ஆடிப் பழகுகிறார்கள். தாங்களே ஆடாத விளையாட்டை அவர்களால் பிறருக்குச் சொல்லித்தர முடியாது.

இரண்டாம் அமர்வு அழைப்பதைப் பற்றியது. "ஏன் தனியா நிக்கிற?" என்று கேட்டால் பிள்ளை கூனிக் குறுகிவிடும். "எங்களுக்கு ஓராள் குறையுது, வாறியா?" என்று கேட்டால், அவள் வருவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகிவிடுகிறது. வர மறுத்தால் வற்புறுத்தாமல், "சரி, நாளைக்கும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சொன்னபடியே கேட்க வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பெரும்பாலான பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்காமல், ஒருவர் தூணருகே நிற்பவராகவும் மற்றவர் அழைப்பவராகவும் மாறிமாறி நடித்துப் பார்க்கட்டும். தூணருகே நின்று பார்த்த பிள்ளை அந்த இடத்தின் கனத்தை மறக்கமாட்டான்.

மூன்றாம் அமர்வு சண்டையைப் பற்றியது. விளையாட்டை நிறுத்து, இருவரையும் தனித்தனியாகப் பேசவிடு, இருவரும் சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல், என்ன செய்யலாம் என்று அவர்களையே கேள். தீர்ப்புச் சொல்வது தலைவரின் வேலையன்று. கைகலப்பு என்றால் நடுவே போகாமல் நேராக ஆசிரியரிடம் ஓடி வர வேண்டும். நான்காம் அமர்வில் கேட்கும் பழக்கமும், ஐந்தாம் அமர்வில் எதை எப்போது ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதும் வரும். கடைசி அமர்வை மிகுந்த கவனத்தோடு நடத்த வேண்டும், அதைக் கீழே தனியாக விளக்குகிறேன்.

ஆறாம் படி: விளையாட்டின் விதிகளைத் திருத்துதல்

ஒரு பிள்ளை எல்லார் முன்னிலையிலும் வேண்டாதவனாகும் கணம் ஆள் பிரிக்கும்போதுதான் வருகிறது. இரு தலைவர்கள் மாறிமாறிப் பெயர் சொல்லி அழைக்க, கடைசியில் எஞ்சி நிற்கும் ஒருவன் "நீயே வச்சுக்க" என்ற பேச்சோடு ஒரு பக்கம் தள்ளப்படுகிறான். இதற்கு நம் முன்னோர் அழகான வழி வைத்திருந்தார்கள். உத்தி பிரித்தல் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய சமபலமுள்ள இருவர் இணையாகத் தள்ளிப்போய், தங்களுக்குள் ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, இரு தலைவர்களின் முன் வந்து, "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" என்று கேட்பார்கள். எந்தப் பழம் யார் என்று தலைவருக்குத் தெரியாது. அணிகளும் சமமாகின்றன, எவரும் கடைசியாக எஞ்சுவதுமில்லை. இந்த ஒரு பழக்கத்தைப் பள்ளி முழுதும் மீட்டெடுத்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

சின்னப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் அகப்பட்டாலும் கணக்கில் எடுக்காமல் விடும் ஒப்புக்குச் சப்பாணி என்ற முறையும் நம்மிடம் உண்டு. முறை நல்லது, பெயர்தான் காலூனமுற்றோரை இழிவுசெய்வது. 'செல்லப்பிள்ளை' என்றோ 'கிளிக்குஞ்சு' என்றோ பிள்ளைகளையே வேறு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் 'அவுட்'. ஓட்டத்தில் மெதுவான பிள்ளை முதலில் அவுட்டாகி ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறான். வேகமானவன் கடைசிவரை ஓடுகிறான். யாருக்குப் பயிற்சி தேவையோ அவனுக்கே அது கிடைப்பதில்லை. ஆகவே அவுட்டானவர் எதிரணிக்குப் போகலாம், அல்லது இருபது எண்ணிவிட்டுத் திரும்பலாம் என்று விதியை மாற்றலாம். குலை குலையாய் முந்திரிக்காய், பூப்பறிக்க வருகிறோம் போன்றவற்றில் இந்தத் தொல்லையே இல்லை; பாட்டு இருப்பதால் கூச்சமுள்ள பிள்ளையும் கூட்டத்தின் குரலுக்குள் தன் குரலைச் சேர்த்துவிட முடிகிறது. கிளித்தட்டில் குறுக்குக்கோடுகளைக் காப்பவர்களும் நடுக்கோட்டில் ஓடும் கிளியும் ஒருவரையொருவர் பார்த்து ஒத்துழைத்தால்தான் எதிரணியைத் தடுக்க முடியும் என்பதால், ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை நான் அறியேன். ஏழுகல்லில் பந்தைத் துணிப்பந்தாக மாற்றிவிட்டால் எறிக்குப் பயப்படும் பிள்ளையும் சேர்ந்துகொள்வாள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை ஓடியாடியவள் ஏழாம் வகுப்பில் சுவரோரம் நின்று துப்பட்டாவைச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறாள். மாதவிடாய் நாட்களின் அச்சம், ஓடும்போது பையன்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம், "பெரியவளாயிட்டா, இனி என்ன களி?" என்ற வீட்டுப்பேச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து அவளை நிறுத்திவிடுகின்றன. தண்ணீர் வரும் கழிப்பறையும் நாப்கினும் இல்லாமல் விளையாட்டைப் பற்றி அவளிடம் பேசிப் பயனில்லை. அவை இருந்தபின், அவளுக்கான இரண்டு நாட்களில் பையன்கள் யாரும் களத்தைச் சுற்றி நிற்காமலும், ஓர் ஆசிரியை தானும் இறங்கி ஆடியும் காட்டினால், மெல்ல மெல்ல அவள் திரும்புவாள். பாண்டியும் ஐந்தாங்கல்லும் தொடக்கத்துக்கு நல்லவை. அங்கேயே நிறுத்திவிடாமல் கபடிக்கும் கோகோவுக்கும் கொண்டுபோங்கள்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு ஆட்ட நடுவர் வேலையை நிரந்தரமாகக் கொடுத்து ஒதுக்கிவிட வேண்டாம். எந்த ஆட்டத்தை எப்படி மாற்றினால் தன்னால் ஆட முடியும் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும், அவரிடமே கேளுங்கள்.

ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், மழைநாள் திட்டம் தனியாக இருக்க வேண்டும். பல்லாங்குழி, தாயம், விடுகதை, பெஞ்சைத் தட்டிப் பாடும் வில்லுப்பாட்டு எனத் தாழ்வாரத்தில் நடத்தக்கூடியவை ஏராளம். கோல்களைத் தட்டி ஆடும் களியலைத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பிள்ளை சுமக்கக் கூடாத சுமை

மாணவத் தலைவர் தோழர் மட்டுமே, ஆலோசகர் அல்லர். இந்தக் கோட்டை நாம் தெளிவாக வரையாவிட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் இன்னொரு பிள்ளையின் வீட்டுத் துயரத்தை ஏற்றிவிடுவோம். ஆகவே பயிற்சியின் ஐந்தாம் அமர்வில் அவர்கள் கற்க வேண்டிய ஒரே வாக்கியம் இது: "நீ சொன்னதை மற்ற பிள்ளைகளிடம் சொல்லமாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்றால் டீச்சரிடம் சொல்வேன்." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கவே கூடாது.

அடி, பட்டினி, சாக வேண்டும் என்ற பேச்சு, உடம்பில் காயம், யாராவது தொட்டதாகச் சொல்வது, போதைப் பொருள் ஆகியவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றே, அந்த இடைவேளை முடியுமுன்பே, பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். அதற்குமேல் எல்லாம் பெரியவர்களின் வேலை. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெடும், குடும்பத்தின் மானம் போகும் என்று கூடிப் பேசி மூடிவிட எவருக்கும் உரிமையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வகுப்புக் கதவின் உட்புறத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருந்தால் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலிலிருந்து பிள்ளைகள் தயங்காமல் போகும் இடத்துக்கு மாற்றுங்கள். மருத்துவரின் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழிகாட்டப் பெற்றோருடன் ஓர் ஆசிரியரும் போனால், அவர்களின் தயக்கம் பாதியாகக் குறையும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த வாரம் உனக்கு எது பாரமாக இருந்தது என்பதே. யாராவது களைத்திருந்தால் ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள். பதவியைப் பறித்ததாக அது தோன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய துயரம் ஊரையே பிடிக்கும் காலங்களுக்கும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னும், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின்னும், தகப்பனையோ அண்ணனையோ கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் நம் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தார்கள். அத்தகைய நாட்களில் தலைவர்கள் எதுவும் கேட்க வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம். வழக்கம்போல வழக்கமான நேரத்தில் ஆட்டம் நடக்கட்டும், அந்தப் பிள்ளைக்கான இடம் காலியாக இருக்கட்டும். துக்க வீட்டுப் பிள்ளை சிரித்து விளையாடினால் அதைக் குறைசொல்லும் பெரியவர்களைத் தடுப்பது ஆசிரியரின் வேலை. பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அழுகைக்கும் ஆட்டத்துக்கும் இடையில் அவர்கள் ஓடி ஓடித் திரும்புவார்கள்.

எட்டாம் படி: வீட்டாரையும் சக ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுதல்

"களிக்கவா பள்ளிக்கூடத்துக்கு விடுறோம்?" என்று கேட்கும் தாயின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, கசுவண்டி (முந்திரிக்கொட்டை) ஆலையில் நாள் முழுதும் நின்று சம்பாதித்ததில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள் அவள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உரை நிகழ்த்துவதற்குப் பதிலாக, பெற்றோர் தங்கள் சிறுவயதில் ஆடிய ஆட்டங்களைக் கேளுங்கள். பேச்சு தானாகவே வரும், அதன்பின் நீங்கள் விளக்க வேண்டியது குறைவு. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் என்பதால், அவர்கள் ஒப்புக்கொண்டால் திட்டம் தலைமையாசிரியர் மாறினாலும் நிற்கும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாத மீன்பிடித் தடைக்காலத்தில் தகப்பன்மார் கரையில் இருப்பார்கள். கையில் பணம் இல்லாத காலம் என்பதால் வீட்டில் இறுக்கமும் இருக்கும். அந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பிள்ளைகளோடு கபடி ஆட அழையுங்கள்.

சக ஆசிரியர்களில் சிலர் ஒத்துழைக்கமாட்டார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தைச் செலவிடாமல், விருப்பமுள்ள மூவரோடு தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: மீண்டும் எண்ணிப் பார்த்தல், கைமாற்றிக் கொடுத்தல்

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் முதல் படியில் எடுத்த கணக்கை அதே இடத்தில், அதே நேரத்தில், ஐந்து நாள் மீண்டும் எடுக்க வேண்டும். தனியாக நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்பதோடு, புதிதாக யாராவது அந்தத் தூணருகே வந்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். சிவப்புப் புள்ளி வைத்த தாள்களையும் ஒருமுறை மீண்டும் வரைய வையுங்கள். வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமை விடுப்புகளைத் தனியாகப் பார்த்தால், பள்ளிக்கு வரத் தயங்கும் பிள்ளைகள் யார் என்பது தெரியும். எண்ணிக்கை குறையாவிட்டால் தலைவர்களைக் குறைசொல்லாமல், அவர்கள் நின்ற இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

மார்ச் மாதத்தில், ஆண்டுத் தேர்வு தொடங்குமுன், பதவி முடியும் பதினாறு பேரும் அடுத்த பதினாறு பேரைத் தங்களோடு இரண்டு வாரம் அழைத்துச் செல்லட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த ஆட்டத்துக்கு எல்லாரும் வருவார்கள், எந்த மூலையில் சண்டை வரும், மழைநாளில் எந்தத் தாழ்வாரம் ஒழுகும், எந்தச் சொல்லால் கூப்பிட்டால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகளின் பெயர் எதுவும் அதில் இடம்பெறக் கூடாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் திங்கட்கிழமை, புதிய அணி அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு முதல் இடைவேளைக்கு வெளியே போகட்டும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்நேரம் யாரையும் தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.